வெண்குழிய ஊசி: கீமோ கொடுத்த அன்றே ஏன் போடுவதில்லை?

"நாளைக்கும் ஒருக்கா வரணுமா? இண்டைக்கே ஊசியையும் போட்டு அனுப்ப ஏலாதா?"

கீமோதெரபி முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார் தாதியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. அக்கரைப்பற்றிலிருந்தோ மூதூரிலிருந்தோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவருக்கு இன்னொரு நாள் தங்குவதென்றால் அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவரின் லீவு என்று செலவு கூடிக்கொண்டே போகும். எனது ராத்தாவின் சிகிச்சைக்குத் துணையாகப் போய்வந்த நாட்களில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். நான் வைத்தியன் அல்ல, விஞ்ஞான ஆசிரியன். காரணம் தெரிந்தால்தான் எனக்கு மனம் ஆறும். அந்தக் காரணத்தை நம்மவர்கள் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்கள் அப்படிப்பட்டவை. ஆனால் முடியின் வேர்க் கலங்களும், இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சையின் கலங்களும் அப்படியே. இதனால்தான் முடி கொட்டுகிறது, வெண்குழியங்களும் குறைகின்றன. வெண்குழியங்களில் நியூட்ரோபில் எனும் வகையே பக்றீரியாக்களை எதிர்க்கும் முன்னணிப் படை. அதன் ஆயுள் மிகக் குறுகியது. உற்பத்தி தடைப்பட்டால் சில நாட்களிலேயே கையிருப்பு கரைந்துவிடும். பல கீமோ மருந்துகளில் 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் இந்த எண்ணிக்கை மிகக் கீழே இறங்குகிறது. சுகதேகிக்குச் சாதாரணமான ஒரு தொற்று, அந்நாட்களில் நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்காகத்தான் பில்கிராஸ்டிம் ஊசி. நமது உடலிலேயே சுரக்கும் ஒரு புரதத்தைப் போன்றது அது. மனித மரபணு புகுத்தப்பட்ட ஈ.கோலை பக்றீரியாவைக் கொண்டு ஆய்வுகூடத்தில் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1991இல் அனுமதி பெற்றது. நாளுக்கு ஒன்றாகப் பல நாட்கள் போடவேண்டியது அது. ஒரு சுற்றுக்கு ஒரே ஊசி போதுமான பெக்பில்கிராஸ்டிம் 2002இல் வந்தது. இரண்டும் எலும்பு மச்சையிடம், "வேகமாக வெண்குழியங்களை உருவாக்கு" என்று கட்டளையிடுகின்றன.

கேள்விக்கான பதில் அந்தக் கட்டளையில்தான் இருக்கிறது. கீமோ மருந்து உடலில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஊசியைப் போட்டால், எலும்பு மச்சையின் இளங்கலங்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். வேகமாகப் பெருகும் கலங்களைத்தானே கீமோ தேடித் தாக்குகிறது? புல்லுக்கு மருந்தடித்த வயலில் அன்றே முளைநெல்லை விதைக்க எந்த விவசாயியும் துணியமாட்டார். ஆகவே கீமோ முடிந்து குறைந்தது 24 மணித்தியாலங்கள் கழிந்த பின்னரே ஊசி போடப்படுகிறது. வழக்கமாக அது 1 முதல் 3 நாட்களுக்குள் அமையும்.

மறுபக்கமும் இருக்கிறது. தவறிய ஊசியை அடுத்த கீமோவுக்கு முந்தைய நாள் போட்டுச் சரிக்கட்ட முடியாது. பில்கிராஸ்டிமை அடுத்த கீமோவுக்கு முந்தைய 24 மணித்தியாலங்களிலும் போடலாகாது. பெக்பில்கிராஸ்டிம் நீண்ட நாள் வேலை செய்வதால், அடுத்த கீமோவுக்கு முந்தைய 14 நாட்களில் அதைத் தவிர்க்கும்படி மருந்துக் குறிப்பு கூறுகிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை கீமோ பெறுவோருக்கு வைத்தியரே நாள் குறித்துக் கொடுப்பார். ஊசி தவறிவிட்டால் உடனே கிளினிக்குக்கு அறிவிப்பதே வழி.

தினசரி ஊசி போடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் இரண்டொரு நாட்களில் எண்ணிக்கை திடீரென உயரும். மச்சையில் சேமிப்பில் இருந்தவை வெளியே வருவதால் ஏற்படும் உயர்வு அது. பிறகு மீண்டும் இறங்கும். றிப்போட்டைப் பார்த்து, "கூடிட்டுது, இனி வேணாம்" என்று நாமாகவே நிறுத்தக்கூடாது.

ஊசியை வீட்டுக்குக் கொண்டுவருவதானால் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும். ஃப்ரீசரில் வைக்கலாகாது. பயணத்தில் ஐஸ் கட்டி நேரடியாக ஊசியில் படக்கூடாது. குலுக்கவும் கூடாது. ஊரிலுள்ள ஆதார வைத்தியசாலையில் போட்டுக்கொள்ளக் கடிதம் தரமுடியுமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் மறுநாள் தங்கும் செலவு மிஞ்சும்.

ஊசிக்குப் பின் இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி வருவது சகஜம். ஆனால் பனடோல் கொடுக்குமுன் காய்ச்சலை அளந்து பாருங்கள்; பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும். 38 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, "இவர் கீமோ எடுக்கிறவர்" என்று சொல்லுங்கள். இடப்பக்க மேல்வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி வந்தாலும் அப்படித்தான். அது அரிதாக மண்ணீரல் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம்.

இந்த ஊசி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. கீமோ மருந்தின் வகை, வயது, வேறு நோய்கள் ஆகியவற்றைப் பார்த்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கொடுத்தார்கள், நமக்கு இல்லையே என்று மனம் நோகத் தேவையில்லை.

நோயாளியை நலம் விசாரிப்பது நமது மார்க்கம் வலியுறுத்தும் கடமை. ஆனால் எண்ணிக்கை இறங்கியிருக்கும் அந்த ஒரு வாரத்தில் தடிமனோடும் இருமலோடும் வீட்டுக்குச் செல்வது அவருக்கு உதவியாகாது. தொலைபேசியில் பேசுங்கள், துஆச் செய்யுங்கள், வாசலில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். பள்ளிவாசல் நிருவாகங்களும் தனவந்தர்களும் இந்த "மறுநாள்" செலவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஓர் இரவுத் தங்குமிடமும் ஒரு வெப்பமானியும் ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய உதவி.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை வழங்குவானாக.