கண்டிக் கத்தியின் விலைமதிப்பு

பழங்கத்திகளைச் சேர்த்து வைப்போர் உலகமெங்கும் உளர். இத்தாலியின் வடகிழக்கே மனியாகோ என்றொரு சிற்றூர் உண்டு. பொத்தானை அழுத்தியவுடன் அலகு வெளியே பாயும் விசைக்கத்திகளுக்கு அவ்வூர் பெயர்பெற்றது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டம் மாநிலங்களுக்கிடையே அவற்றின் வணிகத்தைத் தடுத்தது. அதற்கு முற்பட்ட கத்திகளைச் சேகரிப்போர் இன்றும் விரும்பித் தேடுகின்றனர். அலகின் அடியில் பொறித்த முத்திரையே அவர்களுக்கு முதற் சான்று.

கண்டியில் விசைக்கத்தி மரபு இல்லை. கண்டிக்கு உரியது சிங்களத்தில் ‘பிஹாகெத்த’ என வழங்கும் கத்தி. பெயரின் பிற்பாதி தமிழ்ச் செவிக்கு அந்நியமாக ஒலிக்காது. நேரான தடித்த முதுகும் வளைந்த கூர்வாயும் கொண்ட இரும்பு அலகு, அதன் மேற்பகுதியில் பித்தளை அல்லது வெள்ளியாற் செய்த கொடிவேலைப்பாடு, கொம்பு, மரம், தந்தம் ஆகியவற்றில் ஒன்றாலான பிடி, வெள்ளிப் பட்டைகள் இட்ட மரவுறை ஆகியன அதன் அடையாளங்கள். சில உறைகளில் ஓலையில் எழுதும் எழுத்தாணி ஒன்றும் செருகியிருக்கும். கண்டிப் பிரதானிகள் இதனை இடைக்கச்சையிற் செருகிச் சென்றனர். சிங்கத்தலைப் பிடியுடைய கஸ்தானே வாளோடு இதனைச் சிலர் குழப்புவதுண்டு. அது வேறு, இது வேறு.

இத்தகைய உயர்ந்த வேலை ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளின் மரபில் வளர்ந்தது. மணிமுடி, பொன்வாள், சிங்காசனம், ஆபரணம் ஆகியவற்றின் பெயரால் அவை வழங்கின. அங்கே பணிசெய்த கம்மாளர்க்குக் கூலியாக நிலம் கிடைத்தது. 1815இல் கண்டியரசு வீழ்ந்தது. 1832இல் இராசகாரிய முறையும் ஒழிந்தது. அரசன் இல்லாத பட்டறைக்கு வேலை ஏது? 1867இல் கண்டிக்கு இருப்புப்பாதை வந்தபின், கத்தியை இடுப்பிற் செருகுவோர்க்காக அன்றி, நினைவுப்பொருளாக வாங்குவோர்க்காகச் செய்வது பெருகிற்று. 1882இல் தோன்றிய கண்டிக் கலைச் சங்கம் எஞ்சிய கைவினைஞர்க்கு ஓர் ஆதரவாயிற்று. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல், இக்கைவேலையை ஆராய முற்படுவோர் முதலிற் புரட்ட வேண்டிய நூலாக இன்றும் நிற்கின்றது.

இவ்வரலாற்றை அறிந்தே விலையை மதிக்க வேண்டும். கண்டிக் கம்மாளர் பொதுவாகத் தம் பெயரைப் பொறித்தவரல்லர். ஆகவே மனியாகோ முத்திரைபோல் இங்கு எதுவுமில்லை, வேலைப்பாடே முத்திரை. பழங்கத்தியில் இரும்பின்மேல் உளியால் வழி வெட்டி, வெள்ளியையும் பித்தளையையும் அதில் அடித்துப் பதித்திருப்பர். கொடியின் ஒவ்வொரு வளைவும் சற்றே வேறுபடும்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் உளியின் தடம் கூர்மையாய்த் தெரியும். அச்சில் வார்த்த புதுவேலையிலோ விளிம்புகள் மழுங்கி, இலைகளெல்லாம் ஒன்றுபோல் இருக்கும். தேய்மானமும் பேசும். கை படும் மேடுகள் தேய்ந்தும் பள்ளங்களில் அழுக்கு உறைந்தும் இருப்பது இயல்பு. மேடும் பள்ளமும் ஒரே கருமையாய் இருந்தால், அமிலத்திலோ புகையிலோ அக்கருமை ஏற்றப்பட்டிருக்கலாமென்று ஐயுறுவது நன்று.

பிடியைப் பார்ப்பதிலும் நுட்பமுண்டு. யானைத் தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் காணப்படும். எலும்பில் அவை இரா. சிறு கரும்புள்ளிகளே இருக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டுமில்லை. சுட்ட ஊசியால் குத்திப் பார்ப்பது சிலர் கைக்கொள்ளும் முறை. அது பொருளைக் கெடுப்பதேயன்றி வேறில்லை. பிடியும் அலகும் உறையும் ஒன்றற்கொன்று பிறந்தவையா என்பதையும் நோக்க வேண்டும். உறைக்குள் அலகு தளர்வாய் ஆடினால் உறை வேறிடத்ததாய் இருக்கலாம். எழுத்தாணிக்கான குழி இருந்து எழுத்தாணி இல்லையெனில் அதற்கேற்ப விலை குறையும். கூர்தீட்டித் தீட்டி அலகின் வளைவு கெட்டிருந்தால் அதனை எவ்வளவு மெருகும் ஈடுசெய்யாது.

மெருகு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விற்க முனைவோர் முதலிற் செய்யும் காரியம், புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவதே. இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. நூற்றாண்டுகளாய்ப் படிந்த மேனிநிறமும் உளித்தடமும் அத்தேய்ப்பில் ஒருசேரப் போய்விடும். இரும்பில் உதிரும் செந்துரு இருந்தால் அதனை மட்டும் மெல்லத் துடைத்து, இலேசாய் எண்ணெய் பூசினாற் போதும்.

துன்பம் எங்கேயென்றால், பாட்டன் காலத்துக் கத்தியைக் குடும்பத்தார் அடகுக்கடைக்குக் கொண்டுசெல்லும்போதுதான். அங்கே தராசு வெள்ளியின் எடையை மட்டுமே அறியும். இரும்பு அதற்குக் கழிவு. உறையின் பட்டைகளைக் கழற்றி உருக்கிவிட்டால் மீதியுள்ளது ஒரு பழைய இரும்புத் துண்டு. ஆதலால் விற்பதற்கு முன் முழு உருவத்தையும், வேலைப்பாட்டின் அண்மைத் தோற்றத்தையும் படமெடுத்து, கண்டி அல்லது கொழும்புத் தேசிய நூதனசாலையிலுள்ள கத்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். கத்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைக் காட்டும் பழைய உறுதியோ கடிதமோ புகைப்படமோ இருந்தால், வேலைப்பாட்டுக்கு அடுத்தபடி மதிப்பைக் கூட்டுவது அதுவேயாகும்.

இலண்டன் ஏலச்சாலையில் ஒரு கத்தி பெற்ற விலையைக் கேட்டு, அதே விலை தமக்கும் கிடைக்குமென்று கண்டியிலுள்ளவர் எண்ணலாகாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளென வரையறுத்தது. (அவ்வொப்பந்தத்திற் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திலும் ஒப்பமிட்டனர் என்பது தமிழ் மக்கள் அறிந்ததே.) 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் சேர்ந்தபின், அத்தகைய பொருள் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகமுடியாது. வெளிநாட்டு விலை என்பது ஏற்கனவே அங்கே சென்றுவிட்டவற்றின் விலை.

தந்தப் பிடியுள்ள கத்திக்கு இடர் இரட்டிப்பு. ஆசிய யானை 1975இலேயே சர்வதேச வணிகத் தடைப்பட்டியலில் ஏறியது. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தபின், மிகச் சில விலக்குகள் தவிர அங்கும் தந்தத்தை விற்றல் குற்றம். ஒரு காலத்தில் விலையை ஏற்றிய தந்தமே இன்று பல சந்தைகளின் கதவை அடைக்கின்றது. அடக்கமான கொம்புப்பிடிக் கத்திக்கோ வாங்குவோர் எளிதிற் கிடைக்கின்றனர்.