உங்கள் வீட்டுக்குக் கீழே என்ன மண்?
200 கிலோ மீட்டர் தாண்டி வந்து மாடிகளைச் சாய்த்த பூகம்பம்

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. குடியரசு தினம். காலை மணி 8-46. கட்ச் மாவட்டத்தில் பூமி குலுங்கியது. பூஜ், அஞ்சார், பச்சாவ் ஆகிய ஊர்கள் தரைமட்டம் ஆயின.

அங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது, ஆமதாபாத். தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கும் மணிநகர் உள்பட நகரின் பல பகுதிகளில் கட்டிடங்கள் இடிந்தன. 700 பேருக்கு மேல் மாண்டார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை மாடிக் கட்டிடங்கள். பக்கத்தில் இருந்த பழைய ஓட்டு வீடுகள் பல நின்றன!

இது எப்படி நடந்தது?

தாம்பாளத்தில் அல்வா

ஆமதாபாத் நகரம் சபர்மதி ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல் மீது அமைந்திருக்கிறது. பூமியின் பருமனோடு பார்த்தால் இந்த வண்டல் வெறும் மேல்பூச்சுதான். ஆனால் இந்தப் பூச்சுதான் வினையாகிறது.

தாம்பாளத்தில் அல்வாவைக் கொட்டி, தாம்பாளத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். தாம்பாளம் கொஞ்சம் அசையும். அல்வா நிறைய ஆடும். பாறைதான் தாம்பாளம், வண்டல்தான் அல்வா.

கெட்டிப் பாறையில் பக்கவாட்டு அதிர்வு அலை வினாடிக்கு சுமார் 3 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். இளகிய மண்ணில் அது சில நூறு மீட்டராகக் குறைந்துவிடும். வேகம் குறைந்தால் சக்தி போய்விடாது. அலை உயரும். கரையை நெருங்கும் கடல் அலை உயர்வது போலத்தான்.

இன்னொரு விபரீதமும் உண்டு. மேலே ஆகாயம், கீழே பாறை. இரண்டுக்கும் நடுவே சிக்கிய அலை வெளியே போக வழி இன்றி, மண் அடுக்குக்குள்ளேயே முட்டி மோதி ஓடுகிறது. இதை 1911-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் லவ். 'லவ் அலை' என்று அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தரையைப் பக்கவாட்டில் இழுத்து ஆட்டும் அலை இது. கட்டிடத்தின் அஸ்திவாரத்துக்கு இது பரம விரோதி.

ஊஞ்சல் கணக்கு

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு பிள்ளை கூட அதை உயரே ஏற்றிவிடலாம். கட்டிடமும் ஓர் ஊஞ்சல்தான். மாடி ஒன்றுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி என்று கொண்டால், 10 மாடிக் கட்டிடம் ஒருமுறை ஆடி வர ஒரு வினாடி ஆகும். விரிசல் விட்டால் இன்னும் மெதுவாக ஆடும்.

1985 செப்டம்பர் 19-ல் மெக்சிகோ நகரில் நடந்ததும் இதுவே. பூகம்பம் பிறந்தது சுமார் 350 கிலோ மீட்டருக்கு அப்பால், கடற்கரையில். நகரத்தின் ஒரு பகுதியோ பழைய ஏரிப் படுகை. அதன் களிமண் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடியது. அந்தத் தாளத்துக்கு ஒத்து ஆடிய நடுத்தர உயரக் கட்டிடங்கள்தான் அதிகம் நொறுங்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

தூண்களே கால்கள்

மண்ணை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. ஆமதாபாத்தில் இடிந்த கட்டிடங்கள் பலவற்றில், கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவர் இன்றி விட்டிருந்தார்கள். மேலே கனத்த வீடுகள். கீழே ஒல்லித் தூண்கள். தரை பக்கவாட்டில் இழுத்ததும் தூண்கள் முறிந்தன.

2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணய விதி, இப்படிப்பட்ட கீழ்த்தளத் தூண்களை, கணக்கிட்ட பூகம்ப விசையைப் போல் இரண்டரை மடங்கு தாங்கும்படி அமைக்கச் சொன்னது. மண்ணையும் மூன்று வகையாகப் பிரித்தது.

மண்ணைச் சோதிக்கவும் அலைதான் உதவுகிறது. தரையில் சம்மட்டியால் ஓங்கி அடிக்கிறார்கள். வரிசையாக வைத்த கருவிகள் அலை வரும் நேரத்தைக் குறிக்கின்றன. குட்டை அலை மேல் மண்ணோடு போகும்; நீண்ட அலை ஆழம் வரை தொட்டுப் போகும். இரண்டின் வேகத்தையும் ஒப்பிட்டால், எத்தனை மீட்டர் இளகல், எங்கே கெட்டி என்பது தெரிந்துவிடும்.

புது வீடு வாங்குவோர் சமையலறையையும் குழாயையும் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே, கீழ்த்தளத் தூண்களை யார் கணக்கிட்டார் என்றும் கேட்க வேண்டும். கேட்பதற்குக் காசு செலவில்லை.