கருகிய டிஸ்க்கும் கைபடாத தகவலும்

விண்ணிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே தகவலை மீட்க முடிந்தது. மேஜைமேல் இருக்கும் டிஸ்க்கோ பல நேரங்களில் உரிமையாளரின் பதற்றத்தாலேயே பாழாகிறது.

2003 பிப்ரவரி 1. தரையிறங்க இன்னும் 16 நிமிடங்கள்தான். அமெரிக்க விண்கலம் கொலம்பியா டெக்ஸாஸ் வானில் சிதறியது. அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் மாண்டார்கள். சுமார் 6 மாதங்கள் கழித்து, வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் கருகிய உலோகத் துண்டு ஒன்று கிடைத்தது. விண்கலத்தில் இருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் அது.

செனான் வாயுவின் பிசுபிசுப்புத் தன்மை குறித்து விண்கலத்தில் நடந்த சோதனையின் பதிவுகள் அதில் இருந்தன. ஒரு பகுதி பயணத்தின்போதே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது. மீதி அந்தத் தட்டுகளில்தான். மின்னசோட்டாவிலுள்ள கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்துக்கு டிஸ்க் போய்ச் சேர்ந்தது. பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ் தட்டுகளைக் கழற்றி, ரசாயனக் கரைசலால் சுத்தம் செய்து, வேறு டிரைவ் ஒன்றில் பொருத்தினார். சுமார் 99 சதவீதத் தகவல்கள் மீண்டன. ஆய்வு முடிவுகள் 2008இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ ஈ' இதழில் வெளியாயின.

திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது. காப்பு வளையம் உருகித் தூசி உள்ளே புகுந்திருந்தாலும், டிஸ்க்கில் பாதி இடம் காலி. சேதம் விழுந்தது எதுவும் எழுதப்படாத பகுதியில். கொலம்பியாவிலிருந்து கிடைத்த வேறு 2 டிஸ்க்குகளிலிருந்து எதுவும் தேறவில்லை.

வீட்டு டிஸ்க்குக்கு இத்தனை அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. நிதானம் போதும். காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகளின் மேல், படிக்கும் முனை தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்கள்தான். ஒரு தூசியே அங்கே பாறாங்கல். முனை பழுதாகித் தட்டில் உரசத் தொடங்கினால், ஒவ்வொரு சுற்றும் தகவல் படிந்த மெல்லிய பூச்சைச் சுரண்டி எடுக்கிறது. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசை அங்கேதான் வினையாகிறது.

நோயை எப்படி அறிவது? 'டிக், டிக்' என்று சீராகத் திரும்பத் திரும்ப வரும் சத்தம் மோசமான அறிகுறி. சத்தம் இல்லாமலும் வியாதி வரும்: ஃபைல் திறக்க நிமிடக்கணக்காகிறது, காப்பி பாதியில் நிற்கிறது, கம்ப்யூட்டர் டிஸ்க்கை அடையாளம் காண மறுக்கிறது. இத்தகைய கோளாறுகளை டிஸ்க்கே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' என்ற வசதியும் உண்டு. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் ஆகிய எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள்.

ஆனால் மணி அடிக்காததாலேயே நிம்மதி கொள்ள முடியாது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கொண்டு கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஸ்மார்ட்டின் 4 முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அதேசமயம், முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்றும் தெரிந்தது.

தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். திறந்து பார்ப்பது, தட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் ஆபத்து. குளிரிலிருந்து எடுத்ததும் தட்டுகளில் ஈரம் படியும். இனி வேலை தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிபுணருக்கு. செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகலாம்.

சத்தமில்லாமல், செக்டார்கள் மட்டும் கெட்டிருந்தால் வழி வேறு. ரிப்பேர் செய்யும் மென்பொருளை அதன்மேல் ஏவக்கூடாது. அது டிஸ்க்கை மேலும் உழைக்கவைக்கும், மேலே எழுதவும் செய்யும். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்புகிறது. மீட்பு வேலை அத்தனையும் நகலில்தான்.

டிஸ்க் நலமாக இருந்து ஃபைல்கள் தவறுதலாக அழிந்திருந்தால், பெரும்பாலும் போவது பொருளடக்கப் பதிவு மட்டுமே. பக்கங்கள் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் புதிதாக எதையும் எழுதாதவரை நம்பிக்கை உண்டு. இன்றைய லேப்டாப்புகளில் உள்ள எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கையும் குறைவு. அழித்த தகவலின் இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். சுழலும் தட்டு இல்லாததால், சாகும்போது சத்தமும் வராது.

எனவே முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எந்த டிஸ்க்கும் ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அன்று அடுத்த பிரதி கையில் இருந்தால் அது வெறும் இயந்திரக் கோளாறு. இல்லாதவர்களுக்குத்தான் அது இழப்பு.