பாய்மரப் படகில் ஸ்டீரியோ

மும்பையில் பருவமழை ஓய்ந்து அக்டோபர் மாதம் பிறந்ததும், நான்கு திங்களாகக் கரையேற்றி வைக்கப்பெற்றிருந்த பாய்மரப் படகுகள் ஒவ்வொன்றாக நீரில் இறங்கத் தொடங்குகின்றன. அவற்றில் ஓய்வு நாட்களைக் கழிப்போருள் நம்மவரும் சிலர் உளர். அலுவல் பற்றி மும்பைக்கோ கோவாவுக்கோ கொச்சிக்கோ வந்து, கடற்காற்றின் சுவையறிந்து, பழைய படகு ஒன்றைப் பங்கு போட்டு வாங்கியவர்கள் அவர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, தம் தோழி தில்னாவுடன் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்மரக் கலத்தில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29ஆம் நாள் திரும்பினார். அதன்பின் இத்துறையில் நம்மவரின் ஆர்வம் இன்னும் மிகுந்திருப்பதைக் காண்கிறேன்.

இவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. காரில் பொருத்துவது போல ஒரு ஸ்டீரியோவைப் படகிலும் பொருத்தலாமா என்பதே அது. பொருத்தலாம். ஆயின், கார் பழுதுபட்டால் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கலாம். படகிலிருந்து அவ்வாறு இறங்குதற்கில்லை. இந்த வேற்றுமையை மறவாதிருந்தால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

செம்பூரில் வாழும் நண்பர் ஒருவர் இருபத்தாறு அடிப் படகு ஒன்றை வைத்திருந்தார். ஒரு ஜனவரி மாதச் சனிக்கிழமை முற்பகலில் இரண்டு ஒலிபெருக்கிகளை அறையின் பின்சுவரில் தம் கையாலேயே பதித்தார். அன்று மாலையே என்னையும் ஏற்றிக்கொண்டு மாண்ட்வாவுக்குப் பாய் விரித்தார். போகும்போது வானம் தெளிவு. கண்ணால் கண்டே சென்றுவிட்டோம். இரவெல்லாம் நங்கூரத்தில் இசை கேட்டோம். மறுநாள் விடியலில் திரும்பும்போது பனிமூட்டம். நான்கு படகு நீளத்துக்கு அப்பால் ஒன்றும் புலப்படவில்லை. மாண்ட்வாவிலிருந்து இந்திய நுழைவாயில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வடக்குக்குச் சற்று மேற்கே செல்லவேண்டும். நண்பர் திசைகாட்டியை நம்பிச் சுக்கானைப் பிடித்திருந்தார். உடன்வந்த கோளி இனத்துப் படகோட்டி, வயது எழுபதுக்கு மேல், பனியினூடே வெளிறித் தெரிந்த கதிரவனைச் சற்று நேரம் உற்று நோக்கினார். பிறகு மராத்தியில், “சாகேப், இந்த வேளையில் சூரியன் என் வலத்தோளில் அல்லவா இருக்கவேண்டும்? முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறானே!” என்றார்.

கைபேசியிலிருந்த வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. இருபது பாகை மேற்கே விலகிச் சென்றுகொண்டிருந்தோம். அவ்வழியே இன்னும் சென்றிருந்தால், கொலாபா முனைக்குத் தெற்கே பிராங்ஸ் பாறைத்திட்டின் மீது போய் முட்டியிருப்போம். அத்திட்டின்மேல் 1875 முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

குற்றம் ஒலிபெருக்கியினுடையது. ஒவ்வோர் ஒலிபெருக்கியின் முதுகிலும் வலிய காந்தம் ஒன்று உண்டு; அதுவன்றி ஒலி இல்லை. நண்பர் பதித்தவற்றுள் ஒன்று திசைகாட்டிக்கு ஒரு சாண் தொலைவிலும் மற்றொன்று மூன்று சாண் தொலைவிலும் இருந்தன. காந்தத்தின் ஆற்றல் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே ஒரு சாணிலிருந்து இரண்டு சாணுக்குத் தள்ளினாலே பெரும்பகுதித் தீமை நீங்கும்; ஒரு மீட்டருக்கு அப்பால் வைத்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆயினும் அளவுகோலை நம்புவதைவிடச் சோதனையை நம்புவது நன்று. சுவரில் துளையிடுமுன் படகைத் துறையில் அசையாமற் கட்டி, ஒலிபெருக்கியை வைக்கவிருக்கும் இடத்துக்கு மெல்லக் கொண்டுசெல்லுங்கள். மற்றொருவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு பாகை அசைந்தாலும் அந்த இடம் உதவாது. படகின் முகத்தைக் கிழக்கு, தெற்கு என மாற்றிக் கட்டி மீண்டும் பார்க்கவேண்டும். ஒரு திசையில் தெரியாத பிழை மற்றொரு திசையில் தெரியும்.

தானே சுக்கான் பிடிக்கும் கருவி உள்ள படகுகளில் இன்னொரு திசைகாட்டியும் உண்டு. அது கண்ணில் படாமல் ஏதேனும் ஒரு பெட்டியறைக்குள் ஒளிந்திருக்கும். அறைக்குள் ஒலிபெருக்கி பதிப்போர் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அது இருக்கும் இடத்தை முதலில் தேடிக் கண்டுபிடித்துக்கொள்க. நேர்மின்சாரம் செல்லும் கம்பிகளும் காந்தப்புலம் உண்டாக்குவன. திசைகாட்டியை ஒட்டிக் கம்பிகள் செல்லவே வேண்டுமாயின், போகும் கம்பியையும் வரும் கம்பியையும் கயிறுபோல் முறுக்கிக் கொண்டுசெல்லவேண்டும். ஒன்றன் புலத்தை மற்றது அழித்துவிடும்.

அடுத்துச் செவியைப் பற்றி ஒரு வார்த்தை. கடலில் மோதல்களைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் ஐந்தாம் விதி, கண்ணாலும் செவியாலும் இடையறாது காவல் இருக்கவேண்டும் என்று கூறுகிறது. செவியை வெறும் அலங்காரமாகச் சேர்க்கவில்லை. மூடுபனியில் விசைக்கலம் ஒன்று நீண்ட ஊதல் ஒன்றையும், பாய்மரக்கலம் நீண்டது ஒன்றும் குறுகியது இரண்டுமாக மூன்று ஊதல்களையும், இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இடைவெளியில் எழுப்பவேண்டும். பாடலின் தபேலா ஒலியில் இது மூழ்கிவிட்டால் யாரை நோவது? வி.எச்.எப். ரேடியோவின் பதினாறாம் அலைவரிசையில் வரும் அழைப்பும் அப்படியே. ஆகவே இசைக்கருவியின் ஒலியை ஒரே விரலால் உடனே அடக்கும் பொத்தான், சுக்கான் பிடிப்பவரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அறைக்குள் இறங்கித்தான் ஒலியைக் குறைக்கமுடியும் என்றால் அந்த அமைப்பை நான் ஏற்கமாட்டேன்.

இனி மின்சாரம். சிறு படகில் மின்சாரம் என்பது பாலைவனப் பயணியின் தோற்பையிலுள்ள நீர் போன்றது. நூறு ஆம்பியர்-மணி என்று மேலே எழுதியுள்ள ஈய-அமில பாட்டரியில், அதன் ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது ஏறக்குறைய பாதிதான். ஐம்பது என்று கொள்வோம். நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.2க்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று பொருள். மிதமான ஒலியில் ஒரு சாதாரணக் கருவி ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால், ஆறு மணி நேரத்துக்கு ஒன்பது ஆம்பியர்-மணி. இது தாங்கக்கூடியதே. ஆனால் இளைஞர் விரும்பும் அதிரொலிப் பெட்டியும் அதற்கெனத் தனிப் பெருக்கியும் சேர்ந்து எட்டு ஆம்பியர் இழுத்தால், அதே ஆறு மணியில் நாற்பத்தெட்டு! நங்கூர விளக்குக்கும் ரேடியோவுக்கும் என்ன மிஞ்சும்? பெட்டியின் மேல் ‘நான்கு முறை ஐம்பது வாட்’ என்று அச்சிட்டிருப்பது விற்பவரின் வாட். நாம் பார்க்கவேண்டுவது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதே.

எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியை இசையின் பக்கம் திருப்பவே கூடாது. அதற்குத் தனி பாட்டரி இருக்கட்டும். மும்பைத் துறைமுகத்தில் பெருவெள்ளக் காலத்தில் நீர்மட்டம் நான்கைந்து மீட்டர் ஏறி இறங்கும். அவ்வளவு நீரும் வெளியேறும் ஓட்டத்தில் காற்றும் விழுந்துவிட்டால், எஞ்சின் ஒன்றே துணை. அப்பொழுது சாவியைத் திருகும்போது ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டால், முந்தின இரவின் இன்னிசை மிக விலையுயர்ந்ததாகிவிடும்.

கார்க் கருவிகளில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என மூன்று கம்பிகள் வரும். கறுப்பு எதிர்முனைக்குரியது, சிவப்பு, சாவி போட்டபின் உயிர்பெறுவது, மஞ்சள் எப்பொழுதும் உயிருடன் இருந்து கடிகாரத்தையும் நிலைய நினைவையும் காப்பது. காரில் இது வசதி. மாதத்துக்கொருமுறை மட்டும் ஏறும் படகில் இது ஓட்டைக் குடம். பத்து மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது என்றாலும் முப்பது நாளில் ஏழு ஆம்பியர்-மணிக்கு மேல் ஒழுகிப்போகும். நான் இரண்டையும் ஒரே சுவிட்சின் வழியே இணைத்துவிடுவேன். நிலையங்களை மறந்துபோனால் மறுபடி தேடிக்கொள்ளலாம்.

கம்பியின் பருமனிலும் கருமித்தனம் கூடாது. பாட்டரியிலிருந்து பெருக்கிக்கு ஆறு மீட்டர் என்றால், போகவர மொத்தம் பன்னிரண்டு மீட்டர். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் பத்து ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகும். நான்கு சதுர மில்லிமீட்டர் கம்பியில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். ஈயம் பூசிய தாமிர இழைகளாலான கம்பியையே கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றில் வெறுந்தாமிரம் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும். வெளியே பார்த்தால் புதிது போலத் தோன்றும். நேர்முனைக் கம்பியில், பாட்டரிக்கு ஒரு சாணுக்குள், பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். பியூஸ் கருவியைக் காப்பதற்கு மட்டுமன்று, கம்பி தீப்பற்றாமல் காப்பதற்கு. ஆகையால் அதன் அளவு கம்பி தாங்கும் அளவை மீறலாகாது. கடலில் தீயைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை.

ஒலிபெருக்கி வாங்கும்போது காகிதக் கூம்பு உடையதை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் வகைக் கூம்பும் ரப்பர் விளிம்பும் உடையதைக் கொள்க. ஐ.பி. 65 என்று குறித்திருந்தால், ஆறு என்பது தூசு புகாமையையும் ஐந்து என்பது பீச்சும் நீரைத் தாங்குவதையும் காட்டும். நீரில் மூழ்கினால் பிழைக்கும் என்று அதற்குப் பொருளில்லை.

இடம் தேர்வதில் காதின் இன்பமும் படகின் நலமும் முரண்படும். ஸ்டீரியோவின் பயன் முழுதும் கிடைக்க இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவருக்குச் சம தொலைவில் இருக்கவேண்டும். அறைக்குள் இது எளிது. வெளியே பின்குழியில் அமர்ந்திருப்போர் காற்றுக்கேற்ப ஒருபுறமாகச் சாய்ந்த படகில் மேல்பக்கம் ஏறி உட்காருவர். அங்கே ஸ்டீரியோ என்பது பெயரளவில்தான். மேலும், கூம்பின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் கலந்தால் கீழ்ச்சுரங்கள் அழிந்துபோகும். அதனால் பின்புறம் மூடியிருக்கவேண்டும். இருக்கைக்கடியிலுள்ள பெட்டியறைச் சுவரில் பதித்தால் அந்த அறையே மூடிய பெட்டியாக உதவும். ஆனால் அச்சுவரில் இடும் ஒவ்வொரு துளையும் கடல்நீருக்கு ஒரு வாசல். அலை ஏறிப் பின்குழி நிரம்பினால் நீர் அவ்வழியே உள்ளே இறங்கும். எனவே இயன்றவரை உயரத்தில் பதித்து, விளிம்பை நன்கு அடைக்கவேண்டும். சுவரின் நடுவே பால்சா மரம் இருந்தால், அறுத்த விளிம்பை எப்பாக்சி பூசி மூடாமல் விடாதீர்கள். இரண்டு மழைக்காலத்தில் மரம் அவல்போல் ஊறிவிடும்.

இரண்டு ஒலிபெருக்கிகளிலும் கூட்டல் முனை கூட்டலோடு சேர்ந்திருத்தல் வேண்டும். மாறிவிட்டால் ஒரு கூம்பு முன்வரும்போது மற்றது பின்வாங்கும். பாட்டு சோகையாய் ஒலிக்கும். ஐயமிருந்தால் கம்பியைக் கழற்றி, டார்ச் விளக்கின் ஒன்றரை வோல்ட் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் நேர்முனை கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும்.

வானொலி கேட்பதற்கு ஏரியல் தேவை. எப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அதன் கால்பங்காகிய எழுபத்தைந்து சென்டிமீட்டர்க் குச்சி காரில் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், கீழேயுள்ள இரும்புக்கூரை அதற்குத் தளமாக அமைவதே. ஃபைபர் கண்ணாடிப் படகில் அத்தகைய தளம் இல்லை. தளம் வேண்டாத அரையலை ஏரியல் என்று கேட்டு வாங்கவேண்டும். மத்திய அலைக்கோ வேறொரு பகைவன் உண்டு: மலிவான எல்.இ.டி. விளக்குகள். அவற்றை அணைத்ததும் இரைச்சல் நின்றுபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரவானதும் வானத்தின் மேலடுக்கு மத்திய அலையைத் திருப்பி அனுப்புவதால் தொலைதூர நிலையங்கள் எட்டும். மாதுங்காவின் மாடிகளில் டிரான்சிஸ்டரை இப்படியும் அப்படியும் திருப்பித் தமிழ்க்குரல் தேடிய முதியோருக்கு இதனை நான் சொல்லித் தரவேண்டுவதில்லை. நங்கூரமிட்ட படகு தானே காற்றுக்கேற்பத் திரும்பிக்கொண்டிருக்கும். ஆகவே அங்கே நிலையம் வருவதும் மறைவதும் நம் கையில் இல்லை.

இவ்வளவும் கூறியபின், என் சொந்தக் கருத்தையும் மறைக்காது சொல்லிவிடுகிறேன். முப்பதடிக்குட்பட்ட படகில் பகலில் மட்டும் செல்வோருக்கு, தன் பாட்டரியோடு கூடிய சிறிய நீர்புகா ஒலிப்பெட்டி ஒன்றே போதும். துளையில்லை, கம்பியில்லை, படகின் மின்சாரத்துக்கும் கேடில்லை. அதன் வயிற்றிலும் காந்தம் உண்டு. திசைகாட்டியின் அருகே வைக்காதீர்கள். கைபேசிக்கும் இதுவே விதி. இரவுகளைப் படகில் கழிப்போருக்கே நிலையான அமைப்பு பொருந்தும்.

செம்பூர் நண்பர் அந்த இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டு, ஒலிபெருக்கிகளைப் பின்குழியின் கடைக்கோடிக்கு மாற்றினார். கருவியை எளிதிற் கழற்றும்படி இணைப்புகளில் பெயர் எழுதிய சீட்டுகளையும் கட்டியிருக்கிறார். மே மாத இறுதியில் படகு கரையேறும்போது கருவியும் ஒலிபெருக்கிகளும் துணிப்பையில் அவர் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. கழற்றிய கம்பிமுனைகளில் வாசலின் தடவி உறையிட்டுவைக்கிறார். அக்டோபரில் மறுபடி பொருத்தியதும், பாட்டுப் போடுமுன், அந்த முதிய கோளிப் படகோட்டியை அழைத்துத் திசைகாட்டியைப் பார்க்கச் சொல்வது அவர் வழக்கம்.