மூளைக் காயமுற்ற சிறாரின் போசணையை மதிப்பிடல்

வீதி விபத்தினாலோ உயரத்தினின்று வீழ்ந்ததனாலோ தலையிற் கடுங்காயமுற்ற சிறுவனொருவன் உயிர் தப்பினான் எனக் கேட்டதும் பெற்றோர் ஆறுதலடைவர். ஆயின், உயிர் தப்புதல் வேறு. உடல் தேறுதல் வேறு. தேறுதற்கு இன்றியமையாதனவற்றுள் உணவும் ஒன்று. அவ்வுணவு போதியதோ, குறைந்ததோ, மிக்கதோ என்பதைக் கண்ணால் நோக்கிய அளவிற் கூறல் இயலாது. அளந்தே அறிதல் வேண்டும். அவ்வாறு அளக்கும் முறைகளையும் அவற்றின் குறைகளையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காயத்தின் கடுமையை, 1974 ஆம் ஆண்டில் ரீஸ்டேல், ஜெனெற் என்னும் இருவர் வகுத்த கிளாஸ்கோ அளவுகோலால் மதிப்பர். கண் திறத்தல், பேசுதல், அசைதல் ஆகிய மூன்றையும் நோக்கி 3 முதல் 15 வரை புள்ளியிடுவர். 8 அல்லது அதனிற் குறைந்த புள்ளி கடுங்காயத்தைக் குறிக்கும். இந்நிலையிற் சிறுவன் அசைவற்றுக் கிடப்பினும் அவனுடல் ஓய்ந்திருப்பதில்லை. ஓமோன்களின் பெருக்கமும் அழற்சியும் அனுசேபத்தை விரைவுபடுத்துகின்றன. தசைப் புரதம் சிதைந்து, அதன் நைதரசன் சிறுநீருடன் கழிகின்றது. வளரும் பருவத்தினர்க்கோ சேமிப்புக் குறைவு, தேவை மிகுதி. இதனாலேயே 2019 இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி நெறிகள், காயமுற்ற 72 மணி நேரத்துள் உணவுக் கால்வாய் வழியாக ஊட்டத் தொடங்குதல் நன்றென்கின்றன.

முதலிற் கொள்ளப்படும் அளவுகள் நிறையும் உயரமுமாம். நிற்கவியலாத சிறுவனின் உயரத்தை முன்கை என்பின் நீளத்தைக்கொண்டோ முழங்கால் உயரத்தைக்கொண்டோ கணிப்பர். உடலில் நீர் தேங்கியிருப்பின் நிறை நம்மை ஏமாற்றும். ஆதலின் மேற்கையின் சுற்றளவையும் தோல் மடிப்பின் தடிப்பையும் உடன் அளந்து, தசையையும் கொழுப்பையும் ஓரளவு பிரித்தறிவர். இவற்றை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006, 2007 ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணைகளோடு ஒப்பிடுவர். எனினும், ஒரு நாளைய அளவினும் பல வாரங்களில் அவ்வளவு செல்லும் திசையே பெரிதும் பயன்றரும்.

குருதியிலுள்ள அல்புமினை நெடுங்காலம் போசணையின் அளவுகோலாகக் கொண்டனர். அழற்சி நேர்ந்தால், நன்கு உண்பவனிடத்தும் அது குறையுமாதலின், அதனைமட்டும் நம்புதல் தவறாகும்.

சத்தித் தேவையைக் கணிக்கும் சூத்திரங்கள் பல. 1985 இல் வெளிவந்த ஸ்கோபீல்ட் சூத்திரம் அவற்றுளொன்று. அது சுகதேகிகளை அளந்து பெறப்பட்டமையால் நோயுற்றவர்க்கு முற்றும் பொருந்தாது. காய்ச்சல் தேவையைக் கூட்டும், மயக்க மருந்து குறைக்கும். சுவாசமும் ஒருவகைத் தகனமே எனப் பதினெட்டாம் நூற்றாண்டில் இலவோசியர் காட்டினார். அவ்வுண்மையின் வழியே, உட்கொள்ளும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அளந்து, 1949 இல் வெயர் தந்த சமன்பாட்டாற் சத்தியைக் கணிப்பதே மிகச் சிறந்த முறை. ஆயின் அதற்குரிய கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை.

தேவையை அறிந்தாற் போதாது. உண்மையில் உட்சென்றது எவ்வளவு என்பதையும் அறிதல் வேண்டும். வாந்தியாலும் சிகிச்சைகளின் பொருட்டும் ஊட்டல் இடையிடையே நிற்கும். விழுங்குந் திறன் குன்றியிருப்பின் உணவு மூச்சுக்குழாயிற் புகும். சிலர்க்கு இருமல்கூட எழாது. அவர்களை எக்ஸ்-கதிர்ப் படத்தாற் சோதித்து, உணவின் பதத்தைத் தீர்மானிப்பர்.

மாதங்கள் செல்ல நிலைமை மாறுகின்றது. அனுசேபம் தணியும், நடமாட்டமோ குறைவு. முன்னைய அளவே ஊட்டினால் உடல் கொழுக்கும். பசியை ஆளும் பரிவகக்கீழ் பழுதுற்றவன் நிறைவறியாது உண்பான். நினைவு குன்றியவன் உண்டதை மறந்து மீண்டும் கேட்பான். மணமறியாதவன் உணவை வெறுப்பான். வலிப்பு மருந்துகளுள்ளும் பசியைக் கூட்டுவன சில, குறைப்பன சில. எனவே மதிப்பீடு ஒருமுறையோடு முடிவதன்று.

இத்தகைய சிறுவன் ஒருநாள் நம் வகுப்பறைக்கு மீள்வான். தண்ணீர் பருகும்போது இருமுகின்றானா, உணவுப் பொதியிற் பாதி எஞ்சுகின்றதா, காற்சட்டை தளர்கின்றதா என நோக்குதற்கு யாதொரு கருவியும் வேண்டா. அவற்றைப் பிடிவாதமென்றோ சோம்பலென்றோ கொண்டு கண்டியாது, பெற்றோர்க்கும் வைத்தியர்க்கும் அறிவித்தல் ஆசிரியர் கடனாம். வைத்தியசாலையில் தொடங்கிய மதிப்பீடு பாடசாலையிலும் தொடர்ந்தாலன்றி அச்சிறுவனின் தேறுதல் முழுமை பெறாது.