சொந்த ஊரில் ஒரு றொக் இரவு: தெரியுமா உங்களுக்கு?

பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி, இரண்டு விரல்நுனிகள் செய்து மாட்டிக்கொண்ட ஒரு தொழிற்சாலைப் பையனால்தான் உலகத்து றொக் இசைக்கே அந்த இருண்ட, கனத்த குரல் வந்தது. நம்புவீர்களா? நடந்த கதை இது!

பையனின் பெயர் ரோனி அயோமி. ஊர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம். 1965இல் அவருக்கு 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் அன்றோடு வேலை முடிகிறது, இனி இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகப் போகிறார். அன்றைக்கென்று பார்த்து இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நுனியைக் கொண்டுபோய்விட்டது. ஆள் இடக்கைக்காரர். அதனால் கிற்றார்த் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலக்கைதான்! இனி வாசிக்கவே முடியாது என்று சோர்ந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீக்காயத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் ஐரோப்பாவையே வியக்கவைத்த கிற்றார் மேதை. அவ்வளவுதான், அயோமி எழுந்துவிட்டார். போத்தலை உருக்கி விரற்கூடு செய்தார். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெற்றிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பிற்பாடு விரலுக்கு நோகாமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தினார். தந்தி தளர்ந்ததும் சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. அவர் நண்பர்களோடு தொடங்கிய குழுதான் பிளாக் சபத்!

இதைப் படிக்கும்போது வன்னியில் பிறந்த எவருக்கும் ஒரு காட்சி கண்முன் வராமல் போகாது. கோயில் வீதியில் தவில்காரர் மேளத்தைத் தோளில் ஏற்றுவதற்கு முன் என்ன செய்வார்? பசை தடவிய துணியைச் சுற்றிச் சுற்றிக் கல்லுப்போல இறுகவைத்த கூடுகளை வலக்கை விரல்களில் மாட்டுவார். அந்தக் கூடு இல்லாமல் தோலில் அந்த வெடிப்பு எழும்பாது. பலாமரத்தில் குடைந்த மேளத்தின் ஒரு பக்கம் கூடு போட்ட விரல்கள், மறுபக்கம் கழி. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்து 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தமிழகத்து வித்துவான்கள் இன்றும் வியந்து பேசுவது அந்த விரல்களுக்காகத்தானே! பேர்மிங்ஹாம் பையன் எங்கள் தவிலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வன்மையான ஒலி வேண்டிய இரண்டு இடங்களிலும் மனிதன் விரலுக்குக் கவசம் போட்டான் என்பதை நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

அந்தக் குழுவின் பாடகர் ஒசி ஒஸ்போர்ண் ஒரு காலத்தில் என்ன வேலை செய்தார் தெரியுமா? கார் ஹோர்ன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை! லூக்காஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஹோர்ன் சத்தத்துக்குள் நிற்க வேண்டும். பிறகு இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தார். அவர்கள் வளர்ந்த அஸ்ரன் பகுதி முழுக்க இரும்பு அடிக்கும் சத்தமும் புகையும். வன்னியில் எங்கள் முரசுமோட்டையிலிருந்து மேற்கே சில மைல் போனால் பரந்தன். அங்கே 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலையின் காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கு, ஒரு தொழிற்சாலை பக்கத்து ஊர்களின் நாளையே எப்படி மாற்றிவிடும் என்று விளக்கத் தேவையில்லை. ஓர் ஊரின் உழைப்புச் சத்தம்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளின் இசையாகிறது. அதே இசை ஊருக்குத் திரும்பி வரும் இரவில், ஊர் தன்னுடைய சத்தத்தையே மேடையில் கேட்கிறது. சொந்த ஊர்க் கச்சேரிக்கு வேறெங்கும் கிடைக்காத சூடு வருவது இதனால்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அப்படி ஓர் இரவு 2025 ஜூலை 5ஆம் திகதி வந்தது! இடம், அஸ்ரனிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட மைதானம். ஒசி வளர்ந்த சின்ன வீடு அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான். சிறுவனாக இருந்தபோது போட்டி நாட்களில் அந்தத் தெருக்களில் நிறுத்திய கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்கியவர் அவர். அன்றைக்கு அவருக்கு 76 வயது, பார்க்கின்சன் நோய், நடக்க இயலாது. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் அமர்ந்தபடியே மேடைக்கு மேலெழுந்து வந்தார். 40,000 பேருக்கு மேல் அரங்கில்! அயோமி, பட்லர், வோட், ஒசி என்று முதன்முதல் சேர்ந்த அதே நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில்! அவர்களுக்கு முன் வாசித்தவர்கள் யார்? மெற்றாலிக்கா, கன்ஸ் அன் றோசஸ், ஸ்லேயர்... தனித்தனியே மைதானம் நிரப்பக்கூடிய குழுக்கள் எல்லாம் அன்றைக்குக் குருவுக்கு முன் வாசிக்கும் சீடர்களாக வந்து நின்றன. வருமானம் பார்க்கின்சன் ஆய்வுக்கும், பேர்மிங்ஹாம் சிறுவர் மருத்துவமனைக்கும், நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் போனது. பதினேழு நாள் கழிந்து ஜூலை 22இல் ஒசி காலமானார். கடைசிப் பாட்டைச் சொந்த ஊருக்குப் பாடிவிட்டுப் போன மனிதர்!

அந்த நகரம் இந்தப் பிள்ளைகளை எப்படிக் கொண்டாடுகிறது என்கிறீர்கள்? ஒரு பாலத்துக்கே குழுவின் பெயர். 2022 பொதுநலவாய விளையாட்டுத் தொடக்க விழாவுக்குச் செய்த இராட்சத இயந்திரக் காளை இப்போது ரயில் நிலையத்தில் நிற்கிறது, அதன் பெயரும் ஒசி! 2023இல் பேர்மிங்ஹாம் றோயல் பலே நடனக் குழு, பிளாக் சபத் இசைக்கு ஒரு முழு நாட்டிய நாடகமே ஆடியது.

சரி, இந்த இசைக்குள் எங்கள் வீட்டுச் சொத்து ஒன்று ஒளிந்திருக்கிறது, தெரியுமா? ஹார்ட் றொக்கின் முதுகெலும்பு 'பவர் கோட்' என்ற இரட்டைச் சுரம். அது என்ன? சட்ஜமும் பஞ்சமமும்! தம்புரா மீட்டும் அதே ச, ப! இவற்றின் அதிர்வுகள் 2க்கு 3 என்ற விகிதத்தில் நிற்கின்றன. பெருக்கியை அளவுக்கு மீறி முறுக்கி ஒலியை உடைத்தால், இந்த இரண்டின் வித்தியாசமான 1 என்ற அதிர்வும் தானாகப் பிறக்கிறது. அது யாரும் வாசிக்காத கீழ் ஸ்தாயிச் சட்ஜம்! இரண்டு சுரம் வாசிக்க மூன்றாவதாக ஒன்று அடியிலிருந்து உறுமுகிறது. நெஞ்சுக்குள் போய் இடிப்பது அதுதான்.

இன்னொன்று. 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் முதல் பாடல் ஒரு சுர இடைவெளியை வைத்தே கேட்பவரை நடுங்கவைக்கிறது. ஐரோப்பிய இசைப் பண்டிதர்கள் அந்த இடைவெளிக்கு இசைக்குள் இருக்கும் சாத்தான் என்றே பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் கணக்கில் அது சட்ஜத்திலிருந்து பிரதி மத்திமம். 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36 இராகங்களில் அந்தச் சுரம் இருக்கிறது. கல்யாணியில் இருக்கிறது! அங்கே பேய் பிடித்த சுரம், இங்கே நாதஸ்வரத்தில் மங்களமாக வழிகிறது. என்ன விந்தை!

பாடகரைக் கொண்டாடுவதில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்காரர் பேர்மிங்ஹாமையும் விட ஒருபடி மேலே போனார்கள். 2020 மார்ச் 1ஆம் திகதி கனிங் நெடுஞ்சாலையில் 10 கிலோமீற்றரை வாகனங்களுக்கு மூடிவிட்டு, லொறிகளில் இசைக்குழுக்களை ஏற்றி ஊர்வலமாக விட்டார்கள். பரந்தன் சந்தியில் தொடங்கி முரசுமோட்டையையும் தாண்டிப் போகும் தூரம் அது! இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் வீதியின் இரு மருங்கிலும். எல்லாம் ஏசி/டிசி குழுவின் பாடகர் போன் ஸ்கொட் இறந்து 40 ஆண்டு நிறைவுக்காக. அவர் பிறந்தது ஸ்கொட்லாந்தில். சிறுவனாக அவுஸ்திரேலியா வந்து, பேர்த்துக்குப் பக்கத்துத் துறைமுக நகரான ஃபிறிமான்டிலில் வளர்ந்தார். அதே குழுவின் மல்கம், அங்கஸ் யங் சகோதரர்களும் கிளாஸ்கோவிலிருந்து 1963இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள். அப்படியென்றால் எது அவர்களுடைய சொந்த ஊர்? ஸ்கொட்லாந்தும் உரிமை கொண்டாடுகிறது, அவுஸ்திரேலியாவும் கொண்டாடுகிறது. போர்க்காலத்தில் ஊரையே விட்டு நடந்து, மீண்டும் வந்து வயலைத் திருத்தியவர்களுக்கும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு கோயில் திருவிழாவுக்குப் பறந்து வருபவர்களுக்கும் அந்த இரட்டை உரிமையின் நியாயம் உடனே விளங்கும்.

நிலம் அதிருமா? அதிரும்! 2025 நவம்பரில் ஏசி/டிசி மெல்பேர்ண் கிரிக்கெற் மைதானத்தில் வாசித்தபோது, சில கிலோமீற்றர் தள்ளியிருந்த நிலநடுக்க ஆய்வு மையத்தின் கருவிகளில் அந்த அதிர்வு பதிவானது. செக்கனுக்கு 2 முதல் 5 தடவை. மனிதக் காதுக்குக் கேட்கத் தொடங்குவதே 20இலிருந்துதான். ஆகவே அங்கே சனம் துள்ளியதும் சேர்ந்தே நிலத்தில் பதிந்திருக்கிறது! இளகிய மண் இப்படியான அதிர்வை இன்னும் பெருக்கும் என்கிறது நிலநடுக்கவியல். இரணைமடுத் தண்ணீர் பாயும் எங்கள் வயல்மண்ணில் இப்படியொரு கூட்டம் துள்ளினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

ஆனால் காதைக் காப்பாற்றுங்கோ, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 1972இல் லண்டனில் டீப் பேர்ப்பிள் குழு 117 டெசிபெல் சத்தத்தில் வாசித்தபோது மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். அதிகச் சத்தமான குழு எது என்ற சாதனைப் பதிவையே கின்னஸ் புத்தகம் பிறகு கைவிட்டது. 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெலில் கால் மணித்தியாலந்தான் பாதுகாப்பு. 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். றொக் கச்சேரிக்கு மட்டுமல்ல, திருவிழா இரவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் கைக்குழந்தையோடு உட்காரும் எங்கள் தாய்மாருக்கும் இதே கணக்குத்தான்.

சத்தம் இவ்வளவு பெரிதாக இருந்தால்தான் இசை என்றில்லை. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த 1990களில் எங்கள் பக்கம் பாட்டு எப்படிக் கேட்டார்கள்? சயிக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார்கள்! சயிக்கிள் டைனமோ தருவது வழமையாக 6 வோல்ற், 3 வாற். இன்றைய மைதானக் கச்சேரி ஒன்றுக்கு ஒலிபெருக்கிகள் மட்டும் பல்லாயிரம் வாற் விழுங்கும். அந்த 3 வாற்றில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறையை விட இசைப்பசி உள்ளவர்கள் எங்கே இருக்கப் போகிறார்கள்!

இலங்கையிலும் பாரமான றொக் உண்டு. கொழும்பில் பாடசாலை நண்பர்கள் தொடங்கிய ஸ்ரிக்மாற்றா இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாசிக்கிறது. கண்டியில் பரனொயிட் ஏர்த்லிங் இருக்கிறது. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', பறையையும் மின் கிற்றாரையும் கானாவையும் ஒரே மேடையில் நிறுத்திக் காட்டியது. புளியம்பொக்கணை நாகதம்பிரானின் பங்குனிப் பொங்கலுக்கு விடிய விடிய விழித்திருந்து பழகிய சனம் எங்கள் சனம். பெரிய சத்தத்துக்குள் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. கிற்றாரோடு திரியும் கண்டாவளைப் பக்கத்துப் பொடியளே, நீங்கள் குழு சேர்த்தால் றம்ஸ்காரருக்குப் பக்கத்திலேயே ஒரு தவில்காரரையும் இருத்துங்கோ. முதல் கச்சேரியை முரசுமோட்டையில் வையுங்கோ. நான் முன்வரிசையில், காதில் அடைப்பானோடு!