சுவாசப்பைக் கலங்களின் கடிதங்கள்

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் என்ற வரிசையை உயர்தர உயிரியலில் படிக்கிறோம். ஆனால் புரதத்தை ஆக்காத ஆர்.என்.ஏக்களும் எமது கலங்களில் ஏராளம். அவற்றுள் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 22 நியூக்கிளியோத்தைட்டு நீளமே உடைய இது, தூது ஆர்.என்.ஏயுடன் ஒட்டிப் புரதம் உருவாவதைத் தடுக்கும். சின்னஞ்சிறு புழுவொன்றில் இதனைக் கண்டறிந்தமைக்கே விக்டர் அம்புரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை பிறந்த கலத்திலேயே தங்கிவிடுவதில்லை. கலங்கள் 30 முதல் 150 நனோமீற்றர் வரையான புடகங்களை வெளியே விடுகின்றன. எக்சோசோம் என்பது அவற்றின் பெயர். 1980களில் இவை கலம் வீசும் குப்பை என்றே எண்ணப்பட்டன. 2007 இல் சுவீடன் ஆய்வாளர்கள் அவற்றினுள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது வேறு கலத்தினுள் சென்று வேலை செய்வதையும் காட்டினர். குப்பை, கடிதமாயிற்று!

சிகரெட் புகை பட்டால் அந்தக் கடிதமும் மாறுகிறது. மனிதச் சுவாசக் குழாயின் மேலணிக் கலங்களை ஆய்வுகூடத்தில் புகைச் சாற்றுடன் வளர்த்தபோது, அவை விட்ட எக்சோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ-21 கூடியிருந்தது. அவற்றைப் பெற்ற நார் அரும்பர்க் கலங்கள், தழும்பை உண்டாக்கும் கலங்களாக மாறின. நாட்பட்ட சுவாசத்தடை நோயில் சிறு குழாய்கள் தடித்து ஒடுங்குவதற்கு இதுவும் ஒரு வழி. புகை படாத கலத்தையும் அயற்கலத்தின் செய்தி கெடுத்துவிடுகிறது. புகைக்கும் வாப்பாமார் இந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

எக்சோசோம்கள் குருதியிலும் கலப்பதால், சிறிதளவு குருதியைக் கொண்டே சுவாசப்பைப் புற்றுநோயை முன்கூட்டி அறிய முயல்கின்றனர். ஆனால் அவற்றைப் பிரித்தெடுக்கும் முறை எல்லா ஆய்வுகூடங்களிலும் ஒன்றல்ல, முடிவுகளும் வேறுபடுகின்றன. அதனால் வைத்தியர்கள் இன்றும் பெரும்பாலும் நம்பியிருப்பது ஸ்கான் படத்தையும் திசுப் பரிசோதனையையும்தான்.